இரண்டு விரல் சாய்வு

என் கணவரும் அவர் தம்பியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். இவரைக் கேட்டால் ஒரு கதை, அவனைக் கேட்டால் வேறு கதை. இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரே வீட்டில் நடந்தது மாதிரியே தெரியாது. கீழே நாங்கள், மாடியில் அவன், நடுவில் படிக்கட்டு, படிக்கட்டில் நான். "அவன்கிட்ட சொல்லு" என்று இவர் ஆரம்பிப்பார். "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க அண்ணி" என்று அவன் முடிப்பான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது அடி வாங்கினால் ஒரு சத்தம் போடும், எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஆனால் வாங்கியதை வாங்கியபடியே நான் எப்போதும் கொடுத்ததில்லை. "அந்த மடையன் மோட்டாரை அணைக்காம போயிட்டான், தொட்டி வழியுதுன்னு சொல்லு" என்பார் இவர். நான் மேலே போய், "தம்பி, தொட்டி நிறைஞ்சிடுச்சு போல, பாக்கச் சொன்னாரு" என்பேன். "மாத்திரை எண்ணுறவருக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்?" என்பான் அவன். நான் கீழே வந்து, "பாத்துக்கறேன்னு சொன்னான்" என்பேன். இவருக்கு மருந்துக்கடை, அவனுக்கு எலக்ட்ரீஷியன் வேலை. அரிசியில் கல் பொறுக்குவதைப்போல வசவைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைக் கொடுப்பேன். மடையன் என்ற சொல்லை மட்டும் எத்தனை முறை எடுத்துப்போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. இந்த வீடு இன்னும் இரண்டாகப் பிளக்காமல் நிற்பதற்கு நான்தான் காரணம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

இவர்களுக்கு ஒரே தங்கை. கணவனுக்கு மலைமேல் வானிலை நிலையத்தில் வேலை, அங்கேயே குடியிருப்பு. அவளுக்கு இப்போது நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுப்பதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இனி ஓடைக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும், அடியில் முழுக்க உருண்டைப் பாறை. இவர் எங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். பாதி ஓடையில் வண்டியின் அடிவயிறு பாறையில் இடித்து, போன வழியே திரும்பி வந்தார். வண்டியை உயர்த்தாமல் அவளைக் கொண்டுவர முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்த ஜீப்புக்கு எங்கள் வீட்டில் எருமை என்று பெயர். மாமனார் விட்டுப்போனது, ஆளுக்குப் பாதி. வீட்டைப் பிரித்துக்கொண்டவர்களுக்கு எருமையைப் பிரிக்கத் தெரியவில்லை. உயரமான பட்டைகளும் நீளமான ஷாக் அப்சார்பர்களும் பெட்டியில் வந்து இறங்கின. பட்டை என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்பு அடுக்கு. பட்டறைக்காரர், "மழைல படுத்த வண்டியெல்லாம் இங்கதான் கிடக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று கையை விரித்துவிட்டார். அடுத்த வாரம் வரைக்கும் குழந்தை காத்திருக்குமா? வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இவர் சொன்னார். நான் மேலே போய்ச் சொன்னேன். "நான் இல்லாம அவரால ஒரு நட்டைக்கூட கழட்ட முடியாது" என்றான் தம்பி. நான் கீழே வந்து, "சரின்னு சொன்னான்" என்றேன்.

சனிக்கிழமை காலையில் எருமையை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றினார்கள். வலது பக்கம் இவர் படுத்தார், இடது பக்கம் அவன் படுத்தான். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே எருமையிலும் பாகம் பிரிந்துவிட்டது. இவர் கடை கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்க வீடியோ பார்த்துப் பாடம் பண்ணியிருந்தார். அவன் எதையும் பார்க்கவில்லை. கையில் எடுத்தால் தானாக வந்துவிடும் என்பது அவன் கொள்கை. நான் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வீட்டு வேலை அப்படியே கிடந்தது.

துருப்பிடித்த போல்ட்டுகள் லேசில் வரவில்லை. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, கம்பியை மாட்டி நெம்பி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பழைய பட்டைகள் வெளியே வந்து புதியவை உள்ளே போனபோதுதான் கூத்து ஆரம்பமானது. இரண்டு பக்கத்துக்கும் அச்சு ஒன்றுதானே! அவன் அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

"யாருடி அங்க தள்றது? அந்த அறிவுகெட்டவனை நிறுத்தச் சொல்லு!"

"தம்பி, ஒரு நிமிஷம் பொறுத்துக்கப்பா."

"அவரு துளையைத் தேடி முடிக்கறதுக்குள்ள குழந்தை பள்ளிக்கூடம் போயிடும்."

"ஏங்க, அவசரமில்லையாம், நிதானமா பாருங்கன்றான்."

வண்டிக்கு அடியில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் இருக்குமா? விழத்தான் செய்யும். ஆனால் நான் சொன்னால்தான் காதில் விழுந்ததாகக் கணக்கு. அதற்குள் சுத்தியல் சத்தமும் சேர்ந்துகொண்டால், நிஜமாகவே என் வாயை நம்பித்தான் இருவரும் வேலை செய்தார்கள்.

மதியம் போல, பட்டைகள் பொருந்தி உட்கார்ந்தன. பட்டையின் இரண்டு முனையிலும் காது மாதிரி ஒரு வளையம் இருக்கும். அதற்குள் ரப்பர், ரப்பருக்குள் போல்ட்டு. அந்தப் பக்கம் தம்பி சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். இவர் படுத்தபடியே தலையை என் பக்கம் திருப்பிச் சொன்னார்.

"அந்த மடையன்கிட்ட சொல்லு, வண்டி கீழ இறங்குற வரைக்கும் காது போல்ட்டுல கைய வைக்க வேணாம்னு."

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வேலை செய்கிறவனை, கையை வைக்காதே என்றால் என்ன அர்த்தம்? உன்னை நம்பமாட்டேன் என்றுதானே? இதைப் போய் அப்படியே சொன்னால் ஸ்பேனரைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவான். தங்கை மலையிலேயே கிடப்பாள். நான் அந்தப் பக்கம் குனிந்து சொன்னேன்.

"தம்பி, காது போல்ட்டைப் பாத்து முறுக்கச் சொன்னாரு அண்ணன்."

"பாத்துக்கறேன் அண்ணி." பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசிச் சுற்று வரைக்கும் முறுக்கினான்.

சாயங்காலம் சக்கரங்களை மாட்டி எருமையை இறக்கினார்கள். இறக்கியதும் இவர் மறுபடி வலது பக்கம் அடியில் நுழைந்து எதையோ முறுக்க ஆரம்பித்தார். "அவரு இன்னும் முடிக்கலையா? நான் எப்பவோ முடிச்சாச்சு" என்று தம்பி சிரித்தான். "உதவிக்கு வரவான்னு கேக்கறான்" என்றேன் இவரிடம். "அவனா?" என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

பிறகு எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். எருமை கம்பீரமாக உயர்ந்து நின்றது, ஆனால் வலது பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு விரல் அளவு. முதலில் என் கண்தான் கோளாறோ என்று நினைத்தேன். இவர் டேப் வைத்து அளந்தார். அவனும் தனியாக ஒரு டேப் கொண்டுவந்து அளந்தான். இரண்டு டேப்பும் ஒரே அளவைத்தான் காட்டின.

"அவரு பக்கம்தான் இறங்கியிருக்கு" என்றான் அவன் காற்றைப் பார்த்து.

இவருக்கு முகம் செத்துவிட்டது. வீடியோவில் சொன்னதை ஒன்று விடாமல் செய்தவர். கழற்றிப்போட்ட பழைய பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெட்டியில் இருந்த படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். கடைசியில் தரை சரியில்லை என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று தம்பி முணுமுணுத்தான். "வெளிய எடுத்துப் பாக்கலாம்னு சொல்றான்" என்றேன் நான். எருமையைத் தெருவுக்கு எடுத்தோம். அதே சாய்வு. திருப்பி நிறுத்தினோம். அப்போதும் அதே வலது பக்கம். எனக்கு இடது எது வலது எது என்றே மறந்துபோகும் போலிருந்தது.

அப்போது பார்த்துத் தங்கை போன் பண்ணினாள். "அண்ணி, வண்டி தயாராயிடுச்சா?"

"ஆச்சு, ஆச்சு. காலைல கிளம்பிடுவாங்க."

"இடுப்பு லேசா வலிக்குது அண்ணி. பயமா இருக்கு."

போனை வைத்துவிட்டு இவரிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டதும் இவருக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் சாய்வோட ஓடைல இறங்கினா வண்டி கவுந்துடும். அதுல அவளை எப்படி ஏத்துவேன்?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "அவன் காது போல்ட்டை எப்ப முறுக்கினான்னு கேளு. தொங்கும்போதே முறுக்கினா உள்ள ரப்பர் அப்படியே பிடிச்சுக்கும், பட்டை உக்காராது, அந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். அதுக்குத்தானே படிச்சுப் படிச்சு சொன்னேன், கீழ இறக்கினப்புறம் முறுக்கச் சொல்லுன்னு!"

தம்பி முதல்முறையாக நேராகத் திரும்பினான். ஆனால் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "என்கிட்ட யாரும் அப்படிச் சொல்லலையே. பாத்து முறுக்குன்னுதானே அண்ணி சொன்னீங்க?"

இவரும் என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாக ஒரே பக்கம் திரும்பாத இரண்டு முகமும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பியிருந்தன.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் கல்லைத்தானே பொறுக்கினேன்? அதில் எது கல், எது அரிசி? மடையனை எடுத்தேன், சரி. கையை வைக்க வேண்டாம் என்பதையும் வசவு என்று நினைத்துத்தானே எடுத்தேன்! அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"ஆமா, மாத்திதான் சொன்னேன்! இன்னைக்கு மட்டுமில்ல, தினமும் மாத்திதான் சொல்றேன். நீங்க அவனை மடையன்றீங்க, அறிவுகெட்டவன்றீங்க. அவன் உங்களை மாத்திரை எண்ணுறவர்ன்றான், ஆடத் தெரியாதவர்ன்றான். ரெண்டு பேர் வாய்ல இருந்தும் இது வரைக்கும் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. அத்தனையும் நானே இட்டுக்கட்டினது! இனிமே என்னால முடியாது. போல்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நல்லதுக்குக் காலமில்லை என்று பாத்திரங்களிடம் சொன்னேன். வெளியே போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை தாழ்ப்பாளில் கை வைத்தேன், எடுத்தேன். பிறகு ஸ்பேனர் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் இவர் குரல்.

"எல்லாத்தையும் தளர்த்து."

நட்டு சுழலும் சத்தம் மட்டும். வண்டியை யாரோ அமுக்கி அமுக்கி ஆட்டினார்கள். கிறீச் கிறீச்சென்று எருமை முனகியது.

"இப்பவா?" அது தம்பியின் குரல்.

"இரு."

"இப்ப?"

"ம். முறுக்கு."

கதவைத் திறக்காமலே, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எருமை நிமிர்ந்து நின்றது.

விடிந்ததும் கிளம்பினார்கள். "நீயும் வாயேன்" என்றார் இவர், ஒரு மாதிரியான குரலில். தம்பியும் அதையே கேட்பதுபோலப் பார்த்தான். அவ்வளவு தூரம், மூடிய வண்டிக்குள், இரண்டு பேர் தனியாக! "திரும்பும்போது அவளும் அவ புருஷனும் பின்னால உக்காரணும், எனக்கு இடம் இல்ல" என்றேன். கல்மனசுக்காரி என்று நினைத்திருப்பார்கள். வண்டி தெருமுனை திரும்பும் வரை இரண்டு தலைகளும் நேராக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று காலை முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரு சொல் இல்லாமல் வாய் என்னவோ போலிருந்தது. ஓடையில் என்ன ஆயிற்றோ, ஒரு பக்கம் சாய்ந்ததோ, சாய்ந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களோ என்று நினைத்து நினைத்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் போன் வந்தது. தங்கைதான்.

"அண்ணி, ஓடையைத் தாண்டி இறங்கியாச்சு. ஒண்ணும் ஆகல. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். ஆனா எனக்கு ஒண்ணும் புரியல. இவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லன்னுதானே சொன்னீங்க?"

"ஏன், என்ன ஆச்சு?"

"வந்ததுல இருந்து சண்டை! யாரு முதல்ல பேச்சை நிறுத்தினதுன்னு சண்டை. என் வலியே மறந்துபோச்சு. வாயை மூடச் சொல்லுங்க அண்ணி, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அவள் குரலுக்குப் பின்னால் எருமையின் உறுமல், அதற்கும் மேலே இவர் கத்துவது தெளிவாகக் கேட்டது. "ரோட்டைப் பாத்து ஓட்டுடா, மடையா!"

"யாரு மடையன்? நீதான்!" என்று கத்தினான் தம்பி.

இத்தனை நாள் நான் படிக்கட்டிலேயே எடுத்துப்போட்ட சொல், அன்றைக்கு உரியவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அண்ணி, கேக்குதா? சொல்லுங்க அவங்ககிட்ட."

"மாட்டேன்" என்றேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலே அழுதுகொண்டிருந்தேன். "போனை அவங்க பக்கம் கொஞ்சம் நீட்டிப் பிடி. நான் கேக்கணும்."