கல்லறையில் பதித்த கண்ணாடி

என் அக்கா ராஜமேரியிடம் நல்ல வார்த்தை பேசிப் பயனில்லை என்று தெரிந்துதான் உளியையும் சுத்தியலையும் கையோடு எடுத்துப்போனேன்.

எங்கள் அப்பா சின்னப்பன் கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே விளக்கைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கண்ணாடிகளை அடுக்கியிருப்பார்கள். ஓய்வு பெற்று எங்கள் ஊரான பொம்மிடிக்கு வந்தபோது, துணியில் சுற்றி ஒரு கண்ணாடிக் கட்டி கொண்டுவந்தார். எப்படி வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் இறந்ததும், அவர் ஆசைப்படியே கொத்தனார் அதை அவர் கல்லறையின் தலைமாட்டில் பதித்தார். வெளியே தெரிந்த முகப்பைத்தான் நாங்கள் பார்த்தோம். கல்லறைத் திருநாளன்று அக்கா அதன்முன் மெழுகுவர்த்தி ஏற்றினால் கண்ணாடி முழுக்க வெளிச்சமாகிவிடும். மற்ற கல்லறைகளுக்கு வந்தவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

இப்போது அந்த விளக்கைப் பழுதுபார்த்து அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். ஒரு கண்ணாடி குறைகிறதாம். அங்கே வேலை பார்த்த யாரோ திருடியிருக்க வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா பேர் சந்தி சிரிப்பதற்குள் நாமே கொடுத்துவிடலாம் என்று அங்கே போன் போட்டு ஆளை வரச்சொன்னேன்.

வந்தவர் இளம்பரிதி, பழுதுபார்க்கும் வேலைக்குப் பொறுப்பாளர். அக்கா கல்லறையை மறித்து நின்றாள்.

"எடுத்துக் குடுத்தீன்னா அப்பாவ திருடன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரிடா."

"வெச்சிருந்தா மட்டும் யோக்கியன்னு சொல்வாங்களா? நகருக்கா."

"பெத்த அப்பனையே நம்பலியா நீ?"

அவளைத் தள்ளினேன். ஆமாம், தள்ளித்தான் விட்டேன். உளியை வைத்து அடித்த அடியில் சுண்ணாம்பு தெறித்தது. சிலுவையின் ஒரு கை பெயர்ந்து விழுந்தது. அக்கா வாயில் வந்த சாபமெல்லாம் விட்டாள். கண்ணாடி பெயர்ந்து வந்தது.

இளம்பரிதி வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பாதி இல்லை. உடைந்த இடத்தில் பழைய சிமெண்ட் அப்பியிருந்தது.

"இது நாங்க தேடறது இல்லீங்க. காணாமப் போனது மேல் வரிசை, சின்னது. இது கீழ் வரிசை. எப்பவோ உடைஞ்சு, வேற மாத்தியிருக்காங்க. உடைஞ்சத குப்பையிலதான் போடுவாங்க. அதத்தான் உங்கப்பா எடுத்து வெச்சிருக்காரு."

கண்ணாடியை என் கையிலேயே கொடுத்துவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா கீழே கிடந்த சிலுவைக் கையை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"பாத்தல்ல? அப்பா திருடல," என்றாள். "நம்ம வூட்ல திருடன் ஒருத்தன்தான்டா. அவனும் அப்பன் கல்லறையில கை வெச்சவன்."