அப்பாவின் நிறம்

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த நஞ்சுண்டன் நல்ல கறுப்பு. அவர் மனைவி பத்மாவதி சிவப்பு. ஒரே மகள் கனிஷ்கா அப்பாவைக் கொண்டு பிறந்தாள். இருபத்தேழு வயது, கோவையில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாவதாகப் பெண் பார்க்க வந்தவர்கள் சத்தியமங்கலத்துக்காரர்கள். பலகாரமெல்லாம் சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையின் தாயார் பத்மாவதியைத் தனியே அழைத்தார்.

"ஏனுங்க, கோயில்ல உங்களைப் பார்த்துப்போட்டு, பொண்ணும் இந்த நெறமாத்தான் இருக்கும்னு வந்தோமுங்க."

மறுநாளே பத்மாவதி பக்கத்துத் தெரு பியூட்டி பார்லரிலிருந்து ஒரு டப்பா க்ரீம் வாங்கி வந்தாள். அதில் பெயர்கூட ஒட்டியிருக்கவில்லை.

"எனக்கு வேண்டாங்கம்மா."

"எனக்காகப் போடு கண்ணு. அப்பன் நெறத்தை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே உக்காந்திருப்பே?"

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த நஞ்சுண்டன் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

இரண்டே மாதத்தில் கனிஷ்காவின் முகம் வெளுத்தது. ஈரோட்டிலிருந்து சுரேந்தர் என்ற மாப்பிள்ளையின் வீட்டார் வந்தார்கள். பார்த்த அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். சுரேந்தர் தினமும் போனில் பேசினான். மகள் சிரித்துச் சிரித்துப் பேசுவதைக் கேட்டுப் பத்மாவதி பூரித்துப்போனாள்.

பங்குனி வெயிலில் முகம் எரியத் தொடங்கியது. க்ரீமை நிறுத்தினால் இன்னும் எரிந்தது. கன்னங்கள் ரத்தச் சிவப்பாகிக் கொப்புளம் கிளம்பியது. தாடையில் முடி அடர்ந்தது.

தோல் டாக்டர் டப்பாவை முகர்ந்து பார்த்து ஓரமாக வைத்தார்.

"இதுலயெல்லாம் ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. தோலே மெலிஞ்சுபோச்சு. சரியாக ரொம்ப நாளாகும். பழையபடி ஆகும்னு என்னால சொல்ல முடியாது. யாரு இதைப் போடச் சொன்னது?"

பத்மாவதி டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"நானேதான் வாங்கிப் போட்டேனுங்க டாக்டர்," என்றாள் கனிஷ்கா.

விஷயம் ஈரோட்டுக்குப் போயிற்று. சுரேந்தரின் போன் நின்றது. அவன் அப்பா மட்டும் ஒருமுறை கூப்பிட்டு, ஜாதகத்தில் ஏதோ பொருந்தவில்லை என்றார்.

அன்றைக்குத்தான் நஞ்சுண்டன் மகள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எம்பட நெறம் உனக்கு வந்துபோச்சு அம்மணி. அதனாலதானே இத்தனையும்."

"எனக்கு அது புடிச்சுத்தானுங்கப்பா இருந்துச்சு," என்றாள் கனிஷ்கா. இத்தனை நாளும் அழாதவள் அப்போது அழுதாள். வாசற்படியில் நின்ற பத்மாவதி உள்ளே வரத் துணியவில்லை.

ஜூனில் கல்லூரி திறந்தது. கனிஷ்கா முகக்கவசம் போட்டுக்கொண்டு பாடம் நடத்தப் போனாள். வெயிலுக்கு முன் கிளம்பி, வெயில் தாழ்ந்து திரும்பினாள்.

ஒருநாள் சோறு போடும்போது பத்மாவதி கேட்டாள்: "டாக்டருகிட்ட ஏன் கண்ணு அப்படிச் சொன்னே?"

"அவரு உங்களைத் திட்டியிருப்பாருங்கம்மா."

கனிஷ்கா சாப்பிட்டு எழுந்தாள். அன்றும் அதற்குப் பிறகும் அவள் அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு தடவையாவது திட்டிவிடமாட்டாளா என்று பத்மாவதி காத்திருக்கிறாள்.