வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

டாக்டரம்மா பேசி முடிக்கும்வரை தச்சர் அவள் மேசையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டுப்பலகை. ஒரு மழைக்குத் தாங்காது.

"உடம்பு உறைஞ்சுபோற நோய்ங்க ஐயா. திடீர்னு ஓடுவாங்க, திடீர்னு சிலையா நின்னுடுவாங்க. புத்தி எங்கேயும் போகல. நீங்க பேசினதெல்லாம் உங்க தம்பி காதுல விழுந்துட்டுதான் இருந்திருக்கு. மருந்து கொடுத்த மூணாம் நாளே வாய் திறந்துட்டார் பாருங்க."

"பதினோரு வருஷமா இதே ஆஸ்பத்திரிக்குத்தானேம்மா கூட்டிட்டு வந்தேன்."

"அப்போ இங்க யாருக்கும் இது பிடிபடலைங்க."

"பிடிபடலன்னு ஒருத்தன் சொன்னானா? இவன் மரக்கட்டை, ஒண்ணும் விளங்காது, பூட்டி வையின்னு அடிச்சுச் சொன்னார் உங்க பெரிய டாக்டர். நாப்பது வருஷமா மரம் அறுக்கிறவன்கிட்ட."

அவள் தலைகுனிந்தாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்காவது வந்திருக்கலாம்.

தம்பியை ஆட்டோவில் கூட்டிவரும் பொறுப்பை மனைவியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு முன்னால் ஓடிவந்தார். தம்பி வருவதற்குள் அவன் அறைக்கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் போயாக வேண்டும். ஊரார் வீட்டுக்கெல்லாம் உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கைதான் இதையும் வைத்தது. ஒருமுறை மனைவி மனசு கேட்காமல் திருகாணிகளைக் கழற்றிவிட்டாள். அன்றைக்கே புதிதாக முடுக்கி, திருகாணித் தலையிலிருந்த பள்ளத்தை அரம் போட்டு மழுங்கடித்தார். இனி எந்தக் கொம்பன் கழற்றுகிறான் பார்க்கிறேன் என்று பெருமை வேறு. தம்பி காதுபடவே.

இப்போது அவருக்கே அசையவில்லை. திருப்புளி வழுக்கி விரலைக் கிழித்தது. உளியை எடுத்து மரத்தையே கொத்தினார். அடிக்கொரு வசவு. முதல் நாலு பெரிய டாக்டருக்கு. அப்புறம் விழுந்ததெல்லாம் யாருக்கென்று சொல்லவில்லை.

தாழ்ப்பாள் மரச்சில்லோடு பெயர்ந்து விழுந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது.

"பார்த்து வாங்க தம்பி," என்றாள் மனைவி. "உங்க அண்ணன் கதவை எலி கடிச்ச மாதிரி பண்ணி வச்சிருக்கார். இவர்தான் ஊருக்கெல்லாம் கதவு செஞ்சு குடுக்கிறவர்."

தம்பி லேசாகச் சிரித்தான். கொத்திய இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பழக்கம்.

தச்சர் உளியோடு நின்றார்.

"அண்ணே."

"என்னடா?"

"தாழ்ப்பாள் சத்தம் கேக்கலையே."

பிடிக்க ஒன்றுமில்லாத கதவு காற்றில் ஒரு விரற்கடை திறந்தது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தம்பி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.