டோமினிக் சார் ஓட்டிய டீஃப்ராக்

பாலக்கரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்த வேணியிடம் திட்டு வாங்காமல் மெஷினைத் திருப்பி வாங்கியவர் இந்தத் தெருவில் யாரும் கிடையாது.

அன்று டோமினிக் சார் சி.பி.யூ.வைக் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர், பல வருஷப் பழக்கம். போன தவக்காலத்தில்தான் அவர் மனைவி லிசி அக்கா இறந்துபோனார். கோயில் பாடகர் குழுவுக்காக அந்தந்த ஞாயிறின் பதிலுரைப் பாடலை அக்கா வீட்டிலேயே பாடிப் பதிந்து வைப்பார். மற்றவர்கள் அதைக் கேட்டு மெட்டுப் பிடிப்பார்கள்.

"அந்தப் பாட்டெல்லாம் போச்சும்மா. டிஸ்க் நிரம்பிடுச்சுன்னு வந்துச்சு. பட்டறையோட பழைய ஃபைலுன்னு நெனச்சு அழிச்சுட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். அவ குரல் வேற எங்கயும் இல்ல."

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க? அழிச்சாலும் டிஸ்க்லயேதான் சார் கெடக்கும், அது மேல வேற எதையும் எழுதாத வரைக்கும். எடுத்துடலாம், உக்காருங்க" என்று அதட்டினேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

மீட்டெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்தேன். கரகரவென்று வெறும் இரைச்சல். அடுத்ததும் அதேதான். அவர் பக்கம் திரும்பினேன்.

"அழிச்சதுக்கப்புறம் என்ன சார் பண்ணீங்க?"

"டீஃப்ராக் ஓட்டினேம்மா. சிதறிக் கெடக்குற துண்டையெல்லாம் ஒண்ணு சேக்கும்னு நீ ஒரு தடவ சொன்னியே. அவ குரலையும் சேத்துக் குடுத்துடும்னு தெனமும் ஓட்டினேன். முடியிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து ஜெபமாலை சொன்னேன்."

அட கடவுளே! டீஃப்ராக் இருக்கிற ஃபைல்களைத்தான் நகர்த்தி அடுக்கும். அழித்த ஃபைல் கிடக்கும் இடத்தைக் காலி என்று நினைத்து அதன் மேலேயே எழுதிவிடும். மனுஷன் தினமும் உட்கார்ந்து, ஜெபம் சொல்லிச் சொல்லி, அக்காவின் குரலை அழித்திருக்கிறார். நாக்கு நுனிவரை வந்த திட்டை விழுங்கினேன். அழுகைதான் வந்தது.

இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "அதை ஓட்டாம நேரா உங்கிட்ட வந்திருந்தா கெடச்சிருக்குமாம்மா?" என்றார்.

"இல்லைங்க சார். ரொம்பப் பழைய டிஸ்க். அழிச்சப்பவே போயிருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல நீ எங்கிட்ட இவ்வளவு மெதுவா பேசினதே இல்லையேம்மா" என்றார். சி.பி.யூ.வை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.