கஞ்சி போட்ட சுவர்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இதை என் மனைவி ஏலவார்குழலி கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். நான் கத்த ஆரம்பித்தால், "இப்ப எதுக்குப் பயப்படுறீங்க?" என்று கேட்பாள். அன்றைக்கு மத்தியானம் என்னால் கத்தவும் முடியவில்லை. கத்தினால் குழந்தை எழுந்துவிடும். எழுந்தால் கையையும் காலையும் உதைப்பாள். தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி, சுவர்த் துணிக்குப் பின்னால் பாம்பு இருந்தது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெண் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்தாறு நாள் இருந்தாள். அத்தனை நாளும் குழலி வெள்ளைச் சுவரையும் வெள்ளை டைல்ஸையும் பார்த்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்தும் தூங்கவில்லை. நான் ஆசை ஆசையாகக் கட்டிய புது வீடு. பட்டி பார்த்து வெள்ளை அடித்த சுவர், முகம் தெரியும் டைல்ஸ். படுக்கையறைக்குள் போனதுமே அவளுக்கு உடம்பு நடுங்கியது.

"இங்கயும் அந்த மிஷின் சத்தம் கேக்குற மாதிரியே இருக்குதுங்க. இந்த செவுத்தப் பாத்தாலே பாப்பாவுக்கு ஏதோ ஆவப் போவுதுன்னு தோணுது" என்றாள்.

அதனால்தான் ஷாரோனைக் கூப்பிட்டேன். முசரவாக்கத்துப் பெண். கோரை, மூங்கில், சணல், செம்மண் இவற்றை வைத்தே வீட்டு உள்வேலை செய்து கொடுப்பவள். வந்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள். குழலியிடம், "எதத் தொட்டா உங்களுக்கு நல்லா இருக்கும்கா?" என்று மட்டும் கேட்டாள். குழலி யோசித்துவிட்டு, "சொரசொரன்னு எதுனா" என்றாள்.

நாலே நாளில் அறை வேறாகிவிட்டது. டைல்ஸ் மேல் தடித்த கோரைப்பாய். ஜன்னலுக்கு மூங்கில் தட்டி. ஒரு சுவருக்குச் செம்மண் பூச்சு. கட்டிலை ஒட்டிய சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பழுப்புச் சணல் துணி. ஈரம் ஏறாமல் இருக்க, சுவருக்கும் துணிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டிருந்தாள். ஒரு பிரம்புத் தொட்டிலும் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். அன்றைக்கே குழலி சணல் துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே தூங்கிப்போனாள். அவள் குறட்டையைக் கேட்டு நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கிளம்பும்போது ஷாரோன் சொன்னாள்: "துணி கொஞ்சம் தொய்யும்ணா. அது அப்படித்தான். விட்டுடுங்க. மேல எதையும் பூசாதீங்க."

நானோ நெசவாளி. தொய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்னால் ஆகாத காரியம். விடியற்காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, இழையெல்லாம் விறைப்பாக நிற்பதைப் பார்த்தால்தான் எங்களுக்குக் காபியே உள்ளே இறங்கும். பத்து நாளில் சணல் துணி தொய்ந்தது. எனக்குக் கை அரித்தது. குழலி குழந்தையைச் செக்கப்புக்குக் கொண்டுபோயிருந்த ஒரு காலை, பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியில் மிச்சம் இருந்ததை எடுத்துச் சுவர்த் துணி முழுக்கப் பூசினேன். காய்ந்ததும் சுண்டினால் டங்கென்றது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கஞ்சிக்கு எலி வரும் என்று எனக்குத் தெரியாதா? தறியில் பாவு ஏறிவிட்டால் கீழே எலிப்பொறி வைக்காமல் நான் படுத்ததே இல்லை. ஆனால் சுவருக்கு எவன் பொறி வைப்பான்? தறி வேறு, படுக்கையறை வேறு என்று என் மண்டை பிரித்து வைத்துக்கொண்டது.

அன்று மத்தியானம் முன்கூடத்தில் நெய்துகொண்டிருந்தேன். எங்கள் பெண்ணுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. சத்தம் நின்றால் கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொள்வாள். ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போடத் தறியை நிறுத்தினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து சரசரவென்று கேட்டது. நடுவில் ஒரு சின்னக் கீச்சு.

கதவருகே போய்ப் பார்த்தேன். குழலி சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை சணல் துணியின் மேல் இருந்தது. அந்தக் கைக்குக் கீழே துணி உள்ளேயிருந்து புடைத்தது. என் மணிக்கட்டு அளவுப் புடைப்பு. அது மெதுவாக, நீளமாக, தொட்டில் இருந்த மூலையை நோக்கி நகர்ந்தது. எலி இத்தனை நீளம் இருக்காது. சட்டத்தின் அடிச் சந்தில் ஒரு வால்நுனி தெரிந்து உள்ளே போயிற்று.

தறி நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போடப் பார்த்தேன், வரவில்லை. இரண்டடி பின்னால் வந்து ஷாரோனுக்குப் போன் போட்டேன்.

"நீ அடிச்ச சணலுக்குப் பின்னால பாம்பு பூந்துக்கினு இருக்குது. என் பொண்டாட்டி புள்ள ரெண்டு பேரும் உள்ள இருக்காங்க. இன்னா வேலைம்மா செஞ்ச நீ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன்.

அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. "அண்ணா, அடிக்காதீங்க, கத்தாதீங்க. மொதல்ல ரெண்டு பேரையும் வெளிய கொண்டாந்துடுங்க. எங்க ஊர்ல கிறிஸ்டோபர்னு ஒருத்தர் பாம்பு புடிப்பாரு. இட்டுக்கினு வரேன்."

உள்ளே போனேன். யாரை முதலில் எடுப்பது? குழலியை எழுப்பினால் பதறிக் கையை ஊன்றுவாள், ஊன்றினால் அந்தத் துணிமேல்தான் ஊன்றுவாள். குழந்தையை எடுத்தால் அவள் வீறிடுவாள், அந்தச் சத்தத்தில் குழலி துள்ளி எழுவாள். குழந்தை என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு அடிக்கும் கோரைப்பாய் நெறுநெறுத்தது. தொட்டிலுக்குள் குனிந்தபோது துணி மறுபடி புடைத்தது, என் முழங்கைக்கு வெகு பக்கத்தில். அவளை அள்ளினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை.

பிறகு குழலியின் காதருகே போய், "கையை மெதுவா எடு. எதுவும் கேக்காத. எழுந்து வா" என்றேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். கையை எடுத்தாள், இறங்கினாள், எனக்கு முன்னால் நடந்து வாசலுக்கு வந்தாள். அவளைப் படியில் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தேன்.

"எல்லாம் அந்த ஷாரோன் செஞ்ச வேல" என்று அவளிடம் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன்.

அரைமணியில் ஷாரோன் வண்டியில் வந்து இறங்கினாள், பின்னால் கிறிஸ்டோபர். அவர் கொக்கியால் சணல் துணியை ஒரு மூலையிலிருந்து கிழித்தார். நான் கதவருகே நின்றேன். ஆறடிக்குக் குறையாமல் மஞ்சளும் பழுப்புமாக இறங்கியது. அவர் வாலைப் பிடித்துத் தூக்கி, கோணிக்குள் விட்டுக் கட்டினார்.

"சாரைங்க. இதுக்கு வெஷம் கெடையாது. எலியத் தேடிக்கினு வந்திருக்குது, பாவம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழலியும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். சட்டத்துக்குள் கடித்துப் போட்ட சணல் நார் குவிந்து கிடந்தது, எலிக்கூடு. ஷாரோன் கிழிந்த துணியை எடுத்து நகத்தால் சுரண்டினாள், முகர்ந்தாள்.

"கஞ்சி போட்டீங்களாண்ணா?"

"லேசா" என்றேன்.

அவள் கிழிந்த துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

இதுவரை நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்று சுவருக்குப் பூசியும் கஞ்சி தீரவில்லை. பிரம்புத் தொட்டிலுக்குள் விரித்திருந்த பருத்தித் துணியும் நடுவில் குழிந்து கிடந்தது. அதையும் முக்கிப் பிழிந்து, காயவைத்து, இழுத்துக் கட்டியிருந்தேன்.

குழலி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிலருகே போனாள். துணியின் கால்மாட்டுப் பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் எலி பல் பல்லாகக் கடித்திருந்தது.

"இதுக்கும் போட்டீங்களா?"

தலையை ஆட்டினேன்.

அவள் அப்படியே பாயில் உட்கார்ந்தாள். குழந்தையின் கம்பளிக் காலுறைகளைக் கழற்றினாள். வலது காலுறையின் நுனியில் நூல் அறுந்து பிரிந்திருந்தது. குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்விட்டு எண்ணினாள். பத்து வந்தது. நம்பாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஷாரோன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தையை வாங்க நான் கை நீட்டினேன். குழலி கொடுக்கவில்லை.