மோட்டார் ஓடும்போது மட்டும்

"தூங்கிட்டியாடி ஆதிலட்சுமி?"

கேட்டவள் பின்வீட்டு அஞ்சலாட்சி. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு பம்ப் அறை வாசலில் நின்றாள். முதலியார்பேட்டைத் தண்ணீர்த் தொட்டி அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக வழிந்திருந்தது. வழிந்ததெல்லாம் அவள் வீட்டு வாசலில்தான் தேங்கும்.

"தூங்கலக்கா. மீட்டரத்தான் பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

"மீட்டரு இன்னா காட்டிச்சு?"

"அறுவதுன்னு காட்டிச்சு. நூறு வந்தாத்தானே தொட்டி ரொம்பும்?"

"அப்ப என் வூட்டுக்குள்ள வந்தது இன்னா, சாமிங்க தெளிச்ச பன்னீரா?"

ஆதிலட்சுமிக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து போயிருந்தது. ஆறு வருடமாக அவள் இங்கே மோட்டார் ஓட்டும் வவுச்சர் ஆள். வவுச்சரில் கையெழுத்துப் போட்டால் சம்பளம், மற்றபடி நிரந்தரம் என்று ஒன்றும் கிடையாது. இந்த வருடம்தான் நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியலில் அவள் பெயரும் ஏறியிருந்தது. தொட்டி வழிந்ததற்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் தொட்டிக்கு வெளியே ஒரு பலகை தொங்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அதில் முள் காட்டும், தெருவில் நின்றே பார்க்கலாம். சுனாமி வந்து ஒரு வருடம் கழித்து, போன மாதம்தான் ஒரு கான்ட்ராக்டர் வந்து புதுப் பெட்டி மாட்டினார். அந்தப் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும், கரண்டை மிச்சம் பிடிக்கும். கூடவே, தொட்டியிலிருந்து வயர் இழுத்து, உள்ளே நூற்றுக்கு எவ்வளவு என்று சிவப்பு எண்ணில் காட்டுகிற மீட்டர். பலகை தேவையில்லை என்று கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

முதல் இரண்டு தடவையும் ஜூனியர் இன்ஜினியர் ஹரிகிருஷ்ணன் வந்து பார்த்தார். சின்ன வயது, சத்தம் ஆகாது.

"மோட்டார நிறுத்தும்மா. நீ பேசறது ஒன்னும் கேக்கல."

நிறுத்தினாள். மேலே ஆள் ஏறி அளந்தான். மீட்டரில் இருந்த எண்ணும் அளவும் ஒன்றாகவே இருந்தன.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு. நீ சொல்லு, கண்ணசந்துட்டியா?"

இரண்டு தடவையும் இதே கேள்விதான்.

மத்தியானம் சோற்றுத் தூக்கோடு அவள் கணவன் கண்ணையன் வந்தான். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். மில் மூடிய பிறகு வீடு வீடாக வயரிங் போகிறான்.

"மூணாவது மெமோ வரப்போவுதுங்க."

"வரட்டும். மொதல்ல சோத்த துன்னு. ரேடியோவ போடு, எங்க?"

"அது புதுப்பொட்டி வந்ததுலேர்ந்து பாடறதில்ல. மோட்டார் ஓடினா கர்ர்ருங்குது."

கண்ணையன் ரேடியோவைக் கையில் எடுத்தான். கர்ர் என்றது. சுவர் ஓரமாக நடந்தான். தரையிலிருந்து ஒரு பைப் மேலே ஏறுகிற இடத்தில் அதன் கத்தல் காதைக் கிழித்தது.

"இந்தப் பைப்புல இன்னா போவுது?"

"மோட்டார் வயரு."

"மீட்டரு வயரு?"

"அதுவும் அதுலதான். ரெண்டு பள்ளம் எதுக்குன்னு ஒன்னாவே இழுத்துட்டாங்க."

"அட படுபாவிங்களா! மில்லுல இப்பிடி இழுத்திருந்தா மேஸ்திரி என் கைய ஒடிச்சிருப்பான். மோட்டார நிறுத்து."

நிறுத்தினாள். ஐம்பத்திரண்டில் இருந்த எண் இரண்டு மூச்சுக்குள் எண்பத்தெட்டுக்கு ஏறியது.

"ஓட்டு."

மறுபடி ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது.

ஆதிலட்சுமி கையில் சோற்று உருண்டையோடு அப்படியே நின்றாள். இத்தனை நாளும் மோட்டாரை நிறுத்தியதும் அவள் வால்வை மூட வெளியே ஓடிவிடுவாள். எண் மாறுவதை நின்று பார்த்ததில்லை.

"புரியுதா? அந்த வயர்லேர்ந்து வர்ற இரைச்சல் ரேடியோவுல ஏறுது பாரு, அதேமாரி பக்கத்து மீட்டரு வயர்லயும் ஏறுது. மோட்டார் ஓடறவரைக்கும் மீட்டருக்குப் பித்து. நின்னா தெளிஞ்சுடும்."

"அந்த சார் வந்ததும் நிறுத்தச் சொல்றாரே."

"நிறுத்தாத."

சாயங்காலம் அவளே அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனாள்.

"யக்கா, நாளைக்கி ஒரு வாட்டி வேணும்னே வழிய வுடப்போறேன். வாசல்ல சாக்கு போட்டு வெச்சுக்க."

"சொல்லிட்டு வேற செய்வியா? நல்லா இருக்குடி ஞாயம்!" என்று கத்தியவள், கதையைக் கேட்டபின், "பாய சுருட்டி மேல வெக்கறேன். போ," என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஹரிகிருஷ்ணன் கையில் மெமோ காகிதத்தோடு வந்தார்.

"மோட்டார நிறுத்தும்மா."

"முடியாது சார்."

"இன்னா?"

"முடியாதுன்னேன்!" ஆறு வருடத்தில் அவள் முதல்முறையாகக் கத்தினாள். "மீட்டர பாருங்க! எவ்ளோ?"

"அம்பத்தொம்போது!"

"இப்ப மேல ஏறிப் பாருங்க!"

திமிர் பிடித்தவள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். உச்சியிலிருந்து கையை ஆட்டி ஏதோ கத்தினார். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வரும்போது பேன்ட் முட்டிவரை நனைந்திருந்தது.

"வழியுது! நிறுத்து! நிறுத்து!"

"மீட்டர இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க சார், நிறுத்தறேன்."

பார்த்தார். ஐம்பத்தொன்பது. அவள் பட்டனை அமுக்கினாள். அவர் கண்ணெதிரே எண் ஏறி நூறில் நின்றது. அறை அமைதியானது. பின்பக்கம் அஞ்சலாட்சி தண்ணீரை வாரி ஊற்றுகிற சத்தம் மட்டும் வந்தது.

"ரெண்டும் ஒரே பைப்பா?" என்றார் மெல்ல.

"ஆமா சார்."

நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். "கான்ட்ராக்டருக்கு பில்லெல்லாம் பாஸ் ஆயிடுச்சும்மா. தனிப் பள்ளம் வெட்டணும், வேற வயர் போடணும். எழுதறேன். மாசக்கணக்கா ஆவும்."

"என் பேரு?"

"இந்த மெமோவ குடுக்கல."

"முன்ன குடுத்த ரெண்டு?"

அவர் குனிந்து ஷூவை மாட்டத் தொடங்கினார். ஆதிலட்சுமி, தினம் மோட்டார் ஓட்டத்தைக் குறிக்கிற லாக் புத்தகத்தை எடுத்து மேசைமேல் விரித்து, பேனாவையும் வைத்தாள்.

"இதுல எழுதுங்க சார். ஆபீஸுக்குப் போனா ஆயிரம் வேல வந்துடும் ஒங்களுக்கு."

எழுதினார். மோட்டார் ஓடும்போது மட்டும் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, முந்தைய இரண்டு மெமோவும் திரும்பப் பெறப் பரிந்துரைக்கிறேன், ஆபரேட்டர்மேல் தவறில்லை. அவள் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை என்று காட்டினாள். போட்டார்.

"வயர் மாத்தறவரைக்கும் எப்பிடி சார்?"

"அர மணிக்கு ஒருக்கா மேல ஏறிப் பாத்துக்கும்மா."

"எத்தினி படின்னு எண்ணுனீங்களா?"

"எழுவத்தாறு." அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"எனக்கு நாப்பத்தாறு வயசு சார். வேல நெலச்சுடும். முட்டி நெலைக்குமான்னுதான் தெரியல."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதும், லாக் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் போய், அஞ்சலாட்சி கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினாள்.