ஐந்தாம் மாடிக்கு இன்னொரு படிக்கட்டு

ஆயத்த ஆடைக் கட்டடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பற்றிய தீ, கீழ்த்தளத்து மின்பெட்டியிலிருந்து நாற்பது படி ஏறி, இரண்டாம் மாடி முகப்பில் வந்து நின்று, அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் அணையவும் இல்லை, பரவவும் இல்லை. தீயணைப்பு வண்டிகள் மூன்று மணி நேரம் தண்ணீர் அடித்தன. சுவர் நனைந்தது, படி நனைந்தது, பார்க்க வந்தவர்கள் நனைந்தார்கள்; தீ நனையவில்லை. படிக்கட்டின் அகலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு, யாரையோ எதிர்பார்த்து நிற்பது போல நின்றது. மறுவாரம் தையல்காரப் பெண்கள் சுவரோரம் ஒருக்களித்து நடந்து வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். மழைக்காலம் வந்ததும் குடையை அதன் மேல் விரித்துக் காயவைத்தார்கள். குடையும் கருகவில்லை. தீயணைப்பு அதிகாரி தன் அறிக்கையில் ‘தீ நிலுவையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அதுவரை நாட்டில் ஊருக்கு ஒரு கட்டட விதி இருந்தது. ஓர் ஊரில் கதவு உள்பக்கம் திறக்க வேண்டும், அடுத்த ஊரில் வெளிப்பக்கம். இன்னோர் ஊரில் கதவைப் பற்றிப் பேச்சே கிடையாது. நிலுவைத் தீயைப் பற்றிப் பத்திரிகைகள் எழுத எழுத, நாடு முழுமைக்கும் ஒரே விதித்தொகுப்பு வேண்டும் என்று முடிவாகி, பதினான்கு பேர் கொண்ட குழு அமைந்தது. வரைவு எழுதும் வேலை, அலுவலகத்தில் ‘படிக்கட்டு சார்’ என்று பெயர் வாங்கியிருந்த பொறியாளருக்கு வந்தது. பெயர் சும்மா வரவில்லை. இரும்பு நாடாவோடு இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களின் படிகளை அளந்தவர் அவர். நிறைமாதக்காரி ஒருத்தி இறங்க எத்தனை நொடி, தையல் இயந்திரத்தைத் தோளில் வைத்திருப்பவன் திரும்ப எத்தனை அடி அகலம், செருப்பு அறுந்தவன் பின்னால் எத்தனை பேர் முட்டிக்கொள்வார்கள் என்றெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தார். எட்டாம் வகுப்பில் தமிழய்யா அடித்துச் சொல்லிக்கொடுத்த முறைப்படி, எந்தக் கடிதத்துக்கும் நாள், பொருள், பார்வை மூன்றும் போடாமல் பேனாவை மூடமாட்டார்.

அவருடைய தங்கை அந்தக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் துணி வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வை பார்த்தாள். ஐந்தாம் மாடிக்கு ஒரே படிக்கட்டு. தீ நின்றதும் அதே படிக்கட்டு. ஆகவே ஏனைய பதின்மூன்று பேருக்கு விதித்தொகுப்பு என்பது பயணப்படி வாங்கிக்கொண்டு பிஸ்கட் சாப்பிடுகிற கூட்டமாக இருந்தபோது, அவருக்கு அது கூடப்பிறந்தவள் இறங்கி வருகிற வழியாக இருந்தது.

முதல் பிரிவு நிறைவேறிய அன்று தீ ஒரு படி கீழே இறங்கியது. இரண்டாவது நிறைவேறியபோது இன்னொரு படி. படிக்கட்டு சார் இதைக் குழுவுக்குத் தெரிவித்தார். குழு அதைக் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போயிற்று. பத்தாண்டில் முப்பத்தொன்பது பிரிவுகள், முப்பத்தொன்பது படிகள். தெருவுக்கு இன்னும் ஒரே படி, அதற்கு இன்னும் ஒரே பிரிவு: பதினேழாவது. நான்கு மாடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டடமும், பழையதானாலும் சரி, இரண்டாவது படிக்கட்டு கட்டியே ஆகவேண்டும் என்றது அது. மாடிக்கு ஓர் அறை போய்விடும் என்று கட்டட உரிமையாளர்கள் கொதித்ததால் கடைசி வரை தள்ளிப்போட்டு வைத்திருந்தார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பிரிவின் வாசகத்தை யாரும் வாசிப்பதில்லை. தலைவர் எண்ணை மட்டும் சொல்வார். வேண்டும் என்கிறவர்கள் அறுபது நாளுக்குள் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் போட வேண்டும். செயலாளர் எண்ணைப் பார்த்து ஒரு கோடு போடுவார். கோடு விழாத பிரிவு நீங்கிவிடும். செயலாளர் வேறு யாருமல்லர், தங்கையின் கணவர். ஒரு காலத்தில் படிக்கட்டு சாருக்குப் பக்கத்து மேசைக்காரர். டிபன் டப்பாவைத் துடைத்து மடித்து வைக்கிற ஒழுங்கைப் பார்த்து, இந்தக் கை எதையும் சிந்தாது என்று நம்பி, அவரே பேசித் தங்கைக்கு முடித்து வைத்த மாப்பிள்ளை.

“வளவளன்னு எழுத வேணாம் மச்சான். பதினேழுன்னு எண்ணை மட்டும் பெரிசா போடச் சொல்லுங்க. அதான் கணக்குல வரும்,” என்று மாப்பிள்ளைதான் யோசனை சொன்னார்.

படிக்கட்டு சார் ஏழு வாரம் மாடி மாடியாக ஏறி இறங்கி முந்நூற்று நாற்பது கடிதங்கள் சேர்த்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே நாள், பொருள், பார்வை போட்டு எழுதிக்கொடுத்தார். எல்லாவற்றிலும் பதினேழு.

உறைகளைப் பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, பெயர்ப்பலகை எத்தனை அடி இருக்கலாம் என்று ஒரு புதுப் பிரிவை மாப்பிள்ளை மூன்றாம் இடத்தில் செருகினார். அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் ஒவ்வோர் எண் நகர்ந்தன. மணல் வாளிக்குச் சிவப்பு வண்ணம் பூச வேண்டும் என்கிற, முன்பே நிறைவேறிவிட்ட பதினாறாம் பிரிவு பதினேழாயிற்று. முந்நூற்று நாற்பது பேரின் ஆதரவோடு, குழுவின் வரலாற்றிலேயே அதிகக் கோடுகள் வாங்கி, வாளியின் சிவப்பு இரண்டாம் முறையாக நிறைவேறியது. படிக்கட்டு பதினெட்டில் இருந்தது. பதினெட்டுக்கு ஒரு கடிதமும் இல்லை.

படிக்கட்டு சார் நேரே தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“எண்ணை எப்ப மாத்தினீங்க மாப்பிள்ளை?”

“நான் எங்க மாத்தினேன்? நடுவுல ஒண்ணு சேந்துச்சு. சேந்தா மத்ததெல்லாம் தள்ளித்தானே போகும்?”

“அவ அஞ்சாவது மாடியில வேலை பாக்கறா.”

“என் பொண்டாட்டி எந்த மாடியில இருக்கான்னு நீங்க எனக்குச் சொல்லணுமா? பதினோரு வருஷமா அது யாரை என்ன பண்ணிச்சு? வயசான நாய் மாதிரி கிடக்குது. அதுக்குப் போயி ஊர்ல இருக்கற கட்டடத்தையெல்லாம் இடிக்கச் சொல்றீங்க.”

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்குப் போன வாரமே தெரியும்ணா. இவர் போடலேன்னா வேற ஒருத்தரு போட்டிருப்பாரு. டைரக்டர் போஸ்ட்டு வருதுங்கறாங்க. சும்மா இருங்களேன்.”

“கடிதத்துல உன் கையெழுத்தும் இருந்துச்சே?”

“நீங்க நீட்டினீங்க, போட்டேன்.”

அவர் செருப்பை மாட்டிக்கொள்ள மறந்து தெருமுனை வரை போய்விட்டார். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார்.

விதித்தொகுப்பு அச்சாகி வெளிவந்த அன்று தீ திரும்பி ஏறத் தொடங்கியது. நாளுக்கு ஐந்து படி. முதல் மாடிக்காரர்கள் வணக்கம் சொல்லி வழிவிட்டார்கள். படிக்கட்டு சார் தினமும் போய் எண்ணினார். தங்கைக்கு மூன்று கடிதங்கள் எழுதினார், நாளும் பொருளும் பார்வையும் போட்டு. வேலையை விட்டு வா என்பதுதான் பொருள். மூன்றையும் அவள் பாவாடை வெட்ட மாதிரித் தாளாகப் பயன்படுத்திக்கொண்டாள். இருபதாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தீ ஐந்தாம் மாடி வாசலுக்கு வந்தது. அங்கே, இதுவரை விட்டுவைத்திருந்த மற்றப் பாதியையும் எடுத்துக்கொண்டு, சுவருக்குச் சுவர் நிமிர்ந்து நின்றது. உள்ளே தங்கையோடு சேர்த்து முப்பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். தீ உள்ளே நுழையவில்லை. அவர்களாலும் வெளியே வர முடியவில்லை.

தீயணைப்பு ஏணி புதிய விதிப்படி நான்காம் மாடி வரைதான் நீண்டது. ஜன்னல்களில் திருட்டுக்குப் பயந்து போட்ட கம்பி. சுவரை உடைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பழைய கட்டடத்தின் சுவரை உடைக்க விதித்தொகுப்பில் இடமில்லாததால் விண்ணப்பம் மேலே போயிருக்கிறது. அதற்குள் கம்பியில் ஒரு கூடை நுழையும் அளவுக்கு வளைத்து, கப்பி மாட்டி, கயிறு விட்டார்கள். சாப்பாடும் துணியும் மேலே போயின, தைத்த சட்டைகள் கீழே வந்தன. உற்பத்தி குறையவில்லை, சொல்லப்போனால் தாமதமாக வருகிறவர்களே இல்லாததால் சற்றுக் கூடியது. முதல் ஆண்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. கூடைக்குள் கொள்ளாமல் வளர்வதற்கு முன் அதை இறக்கிவிட்டார்கள்.

ஒருவரால் கூடையை ஏற்ற முடியாது. அவரவர் வீட்டு ஆள் இருவர் வந்து இழுக்க வேண்டும் என்று காவலாளி முறை வைத்தார். தங்கைக்கு வெள்ளிக்கிழமை. அவளுக்கு வீடு என்று இருந்தது இரண்டே பேர். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு வெள்ளியும் படிக்கட்டு சாரும் டைரக்டர் மாப்பிள்ளையும் ஒரே கயிற்றை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இழுக்கிறார்கள். ஒருமுறை மாப்பிள்ளை, “கொஞ்சம் மெதுவா, மச்சான்” என்றார். படிக்கட்டு சார் மெதுவாக்கினார்.

போன மாதம் தங்கை கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி, கீழே பொதுவாகக் கத்தினாள்:

“ஊசிக்கண்ணு தெரியமாட்டேங்குது. மூக்குக்கண்ணாடி ஒண்ணு அனுப்புங்க!”

யாரிடம் சொன்னாள் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளி இருவர் சட்டைப்பையிலும் ஒவ்வொரு கண்ணாடி இருந்தது. இரண்டையும் கூடையில் வைத்து ஏற்றினார்கள். அவள் எதை மாட்டிக்கொண்டாள் என்பது அவ்வளவு உயரத்தில் தெரியவில்லை. கை மட்டும் வெளியே வந்து, கயிற்றை இரண்டு தரம் அசைத்தது. விடலாம் என்று அதற்கு அர்த்தம்.